"அப்பத்தாகிட்ட பேசுனா அழுவுறா, அதனால போன நிறுத்திட்டேன்"

கேள்வி: மேடம், எனக்கு 32 வயசு, பாப்பாவுக்கு 6 முடிஞ்சு ஒன்னாவது படிக்கிறா. என்னைய கட்டிக்குடுத்தது தேனி பக்கம். நான் பேங்க்ல வேலை பாக்குறேன், பாப்பா பிறந்து ஆறு மாச லீவு முடிஞ்சதுல இருந்து மாமியார்தான் வளத்தாங்க, குளிப்பாட்டுறது ஊட்டுறது தூங்க வைக்கிறது எல்லாமே அவங்கதான். எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஒத்து வரல, எட்டு மாசமா பிரிஞ்சிருக்கோம், டிரான்ஸ்ஃபர் வாங்கிட்டு திருச்சியில அம்மா வீட்டுக்கே வந்துட்டேன். ரெண்டு பேரும் சம்மதிச்சு பிரிஞ்சுக்கலாம்னு பேசி முடிச்சாச்சு, ஒரு வருஷம் ஆனதும் பெட்டிஷன் போடலாம்னு வக்கீல் சொல்லிருக்கார். பேச்சுவார்த்தைக்கு உக்காந்தப்ப மாமியார் என்னைய பேசுன பேச்ச இன்னும் மறக்க முடியல. அப்படியும் பாப்பாவுக்காக போன் பேச விட்டேன். பேசி முடிச்சதும் ஒரு மணி நேரம் அழுவா, சாப்பிட மாட்டா. அவங்களும் "உங்கம்மா உன்ன விட மாட்டேங்குறாளா"ன்னு கேப்பாங்க. ரெண்டு மாசமா போன நிறுத்திட்டேன். எங்க அம்மா "சின்னப்புள்ள தானே, நாலு நாள்ல மறந்துரும்"ங்குறாங்க. இப்ப அழுகை நின்னுருச்சு, ஆனா மூணு வயசுலயே நிறுத்துனவ திரும்ப படுக்கையில ஒன்னுக்கு போறா. டிவி ரிமோட்ட காதுல வச்சுக்கிட்டு "அப்பத்தா சாப்ட்டியா"ன்னு பேசிட்டு இருக்கா. நேத்து திட்டுனப்ப "நீ வேணாம், அப்பத்தாதான் வேணும்"னுட்டா. நான் பண்றது தப்பா? பாக்க விட்டா கேஸ்ல எனக்கு எதிரா போயிருமா?

பதில்:

வணக்கம்மா. சுத்தி வளைக்காம சொல்லிடுறேன், போன திரும்ப ஆரம்பிங்க, முடிஞ்சா இந்த வாரமே. எப்படி ஆரம்பிக்கணும், மாமியார்கிட்ட என்ன பேசணும், கேஸ் என்ன ஆகும் எல்லாம் கீழ சொல்றேன், ஆனா முதல்ல அந்த அழுகைய பத்தி பேசணும், ஏன்னா நீங்க முடிவெடுத்ததே அத வச்சுதான்.

பேசுனா அழுவுறா, பேசலன்னா அழல, அப்ப பேசுறதுதான் புள்ளைய கஷ்டப்படுத்துதுன்னு நீங்க நினைச்சதுல ஆச்சரியமே இல்ல. ஒரு காலத்துல பெரிய பெரிய டாக்டருங்களே அப்படித்தான் நினைச்சாங்க. 1950 வாக்குல இங்கிலாந்துல நிறைய ஆஸ்பத்திரியில குழந்தைய அட்மிட் பண்ணா பெத்தவங்க கூட இருக்க முடியாது, குறிச்ச நேரத்துல கொஞ்ச நேரம் வந்து பாத்துட்டு போகணும் அவ்ளோதான். காரணம் கேட்டா, அம்மா வந்துட்டு போனா புள்ளைங்க கத்தி ஆர்ப்பாட்டம் பண்ணுது, வரலன்னா நாலஞ்சு நாள்ல தானா அடங்கிருதுன்னு சொன்னாங்க. ஜேம்ஸ் ராபர்ட்சன்னு ஒரு சமூகப் பணியாளர், குழந்தைங்களோட பாசப்பிணைப்ப ஆராய்ச்சி பண்ண மனநல டாக்டர் ஜான் பௌல்பிகூட வேலை பாத்தவர், அப்படி "அடங்கிப்போன" புள்ளைங்க பக்கத்துலயே உக்காந்து கவனிச்சார். முதல்ல அழுது அடம்புடிக்குதுங்க, அப்பறம் சோந்துபோய் ஒடுங்கிருதுங்க, அதுக்கும் அப்பறம் சிரிக்குதுங்க, பொம்மை வாங்கிக்குதுங்க, சாப்பிடுதுங்க, ஆனா அம்மா வந்து நின்னா யாரோ மாதிரி பாக்குதுங்க. 1952ல லாரான்னு ரெண்டரை வயசு கூட ஆகாத ஒரு பொண்ணு ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில இருந்த எட்டு நாளையும் படம் புடிச்சு டாக்டருங்களுக்கு போட்டு காட்டுனார், பார்த்த நிறைய பேருக்கு கோவம்தான் வந்துச்சு. ஆனா 1959ல அந்த ஊர் அரசாங்கம் போட்ட கமிட்டியே பெத்தவங்கள தடையில்லாம வந்து பாக்க விடணும்னு சொல்லிருச்சு.

உங்க பாப்பா அந்த நிலைமையில இருக்கான்னு நான் பயமுறுத்தல. நீங்க பக்கத்துலயே இருக்கீங்க, அது அவளுக்கு பெரிய பலம். அழுகை நின்னத வச்சு மறந்துட்டான்னு மட்டும் எடுத்துக்காதீங்கன்னு சொல்றேன். மறந்த புள்ள ரிமோட்ட எடுத்து "அப்பத்தா சாப்ட்டியா"ன்னு கேக்காது. அந்த ஒரு மணி நேர அழுகைய முன்னாடி உங்க மடியில படுத்து அழுதா, இப்ப அதுக்கும் வழியில்லாம ராத்திரி பாய நனைக்கிறா.

அவ இடத்துல இருந்து ஒரு தடவ யோசிச்சுப் பாருங்க. எட்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு நாள் கார்லயோ பஸ்லயோ ஏறுனா, இறங்குனப்ப வீடு இல்ல, அப்பா இல்ல, ஸ்கூல் இல்ல, பக்கத்து வீட்டு புள்ளைங்க இல்ல, ராத்திரி கால மேல போட்டுக்கிட்டு தூங்குன அந்த உடம்பு இல்ல. பெரியவங்களுக்கு இதுக்கெல்லாம் காரணம் தெரியும். ஆறு வயசு புள்ளைக்கு தெரிஞ்சதெல்லாம் "போயிருச்சு"ங்குறது மட்டும்தான், அதுவும் அந்த வயசுல நாம எதோ தப்பு பண்ணதாலதான் இப்படி ஆச்சோன்னு தன் தலையிலயே போட்டுக்குற புத்தி இருக்கும். உங்களுக்கு அவங்க மாமியார், நாளைக்கு கோர்ட்ல கையெழுத்து போட்டா அந்த உறவு முடிஞ்சிரும். பாப்பாவுக்கு அவங்க தினம் தலைக்கு எண்ணெய் வச்சு பின்னி விட்ட கை. உங்க வீட்டுக்காரர் வழியா வந்த உறவுதான்னாலும் ஆறு வருஷத்துல அது அவளோட சொந்த சொத்தாயிருச்சு, புருஷன் பொண்டாட்டி கணக்க தீக்கும்போது அதையும் சேத்து தீத்துராதீங்க.

என்கிட்ட ஒரு ஏழு வயசு பையன கூட்டிட்டு வந்தாங்க, ஸ்கூல்ல யார்கிட்டயும் பேச மாட்டேங்குறான்னு. அங்கயும் இதே கதைதான், தாத்தா பேர வீட்ல யாரும் எடுக்கக்கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தாங்க. மூணாவது தடவ வந்தப்ப உன் வீட்ட வரைன்னேன். வரைஞ்சான், சின்னதா ஒரு வீடு, வாசல்ல மட்டும் கதவு உசரத்துக்கு ஒரு ஜோடி செருப்பு. யாருதுடா இதுன்னு கேட்டேன். அம்மா வெளிய உக்காந்திருக்காங்களான்னு கதவ ஒரு தடவ பாத்துட்டு ரொம்ப மெதுவா "தாத்தா உள்ள தூங்குறாரு"ன்னான். அந்த மெதுவா சொன்னதுதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு, ஏன்னா ஒரு ஆளு மேல பாசமா இருக்குறத ஒளிச்சு வைக்கணும்னு அந்த வயசுலயே கத்துக்கிட்டான். உங்க பொண்ணு இன்னும் ஒளிச்சு வைக்கல, சத்தமா ரிமோட்லயே பேசுறா. நீங்க சரியான நேரத்துலதான் எழுதிருக்கீங்க.

"நீ வேணாம், அப்பத்தாதான் வேணும்"னு சொன்னதுக்கு வரேன். அது உங்கள எவ்ளோ அறுத்திருக்கும்னு புரியுது, அதுவும் வேலைக்கு போன அம்மாவுக்கு ஏற்கனவே உள்ளுக்குள்ள ஒரு குத்தம் உறுத்திக்கிட்டே இருக்கும், புள்ளையே அந்த இடத்துல கை வச்சா தாங்காது. ஆனா நல்லா கவனிங்க, அவ அத உங்ககிட்டதான் சொல்றா, உங்க அம்மாகிட்டயோ டீச்சர்கிட்டயோ சொல்லல. என்ன பேசுனாலும் இவ நம்மள விட்டு போக மாட்டான்னு நம்புற ஆள்கிட்டதான் புள்ளைங்க அப்படி பேசும். ஒரு குழந்தைக்கு ஒரே ஒரு ஆள்மேலதான் பிணைப்பு இருக்கும்னு இல்ல, அம்மா அப்பத்தா அப்பா தாத்தான்னு பல பேர்கிட்ட வேற வேற மாதிரி ஒட்டிக்கும், அங்க குடுத்தா இங்க குறையும்னு ஆகாது. அடுத்த தடவ அப்படி சொன்னா "அப்ப அங்கயே போ"ன்னு மட்டும் வாயில வந்துறக்கூடாது. "அப்பத்தாவ தேடுதாடா, அம்மாவுக்கு தெரியுது"ன்னு சொல்லி பக்கத்துல உக்காருங்க, அழுதா அழட்டும், சாக்லேட்ட காட்டி நிறுத்தாதீங்க.

அவகிட்ட விஷயத்த வாய்விட்டு யாராவது சொன்னாங்களான்னு லெட்டர்ல இல்ல. அனேகமா சொல்லிருக்க மாட்டீங்க, நிறைய வீட்ல "லீவுக்கு அம்மாச்சி வீட்டுக்கு போறோம்"னு சொல்லித்தான் கூட்டிட்டு வருவாங்க. இப்ப சொல்லுங்க, சின்ன சின்ன வாக்கியமா. "அப்பாவும் அம்மாவும் இனிமே ஒரே வீட்ல இருக்க மாட்டோம். இது பெரியவங்க நாங்க எடுத்த முடிவு, நீ எதுவும் பண்ணல. அப்பா உனக்கு எப்பவும் அப்பாதான், அப்பத்தா எப்பவும் அப்பத்தாதான்." இதுக்கு மேல காரணம் விளக்கம் எதுவும் வேணாம். ஒரு தடவ சொன்னா போதாது, பத்து தடவ கேப்பா, சாப்பிடும்போது கேப்பா, வண்டியில போகும்போது பின்னாடி இருந்து கேப்பா, பத்து தடவயும் அதே வார்த்தையில சொல்லுங்க, மாத்தி சொன்னா அவளுக்கு பிடி கிடைக்காது.

அடுத்து மாமியார். இதுதான் உங்களுக்கு இருக்குறதுலயே கஷ்டமான வேலைன்னு தெரியும். அவங்க பேசுனத மன்னிச்சிருங்கன்னு நான் சொல்லல, அது உங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல, எப்ப தோணுதோ அப்ப, தோணலன்னா வேணாம். அவங்ககூட நல்லா பேசணும்னு கூட இல்ல, பாப்பாவ பத்தி மட்டும் பேசிக்கிற அளவுக்கு ஒரு வழி இருந்தா போதும். வீட்டுக்காரர் மூலமா சொல்லாதீங்க, அது வேற சண்டையில போய் முடியும். நாத்தனாரோ ரெண்டு பக்கமும் மதிக்கிற ஒரு பெரியம்மா மாமாவோ இருந்தா அவங்கள விட்டு சொல்லச் சொல்லுங்க, இல்ல நீங்களே ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்க: "அத்தை, பாப்பா உங்கள ரொம்ப தேடுறா. வாரம் ரெண்டு நாள் பேச வைக்கிறேன். என்னைய பத்தியோ அவங்கப்பாவ பத்தியோ கேஸ பத்தியோ அவகிட்ட எதுவும் கேக்க வேணாம், எப்ப வருவேன்னும் கேக்க வேணாம், அவளுக்கு பதில் சொல்லத் தெரியாம போன வச்சதும் அழுவுறா." இவ்ளோதான். "கேட்டா போன கட் பண்ணிருவேன்"னு மிரட்டல் வேணாம், அழுவுறான்னு சொன்னாலே ஆறு வருஷம் வளத்த மனுஷிக்கு உறைக்கும். அவங்க "உன்ன விட மாட்டேங்குறாளா"ன்னு கேட்டது தப்புதான், அதுல மறுபேச்சு இல்ல, ஆனா அது பேத்திய பறிகொடுத்த பயத்துல வந்த வார்த்தையாவும் இருக்கலாம், அடுத்து எப்ப பேசுவோம்னே தெரியாத ஆளு கிடைச்ச அஞ்சு நிமிஷத்துல எல்லாத்தையும் கேட்டுத்தான் தீப்பாங்க. நாள் குறிச்சு குடுத்துட்டா பாதி அடங்கும். அப்படியும் திரும்பத் திரும்ப கேட்டா போன புடுங்காம, "பாப்பா, அப்பத்தாவுக்கு டாட்டா சொல்லு, வெள்ளிக்கெழம பேசலாம்"னு முடிச்சிருங்க.

போன் பேச நாளும் நேரமும் மாறக்கூடாது. செவ்வாய் வெள்ளி சாயங்காலம் ஆறு மணின்னு வச்சா ஆறு மணிதான். கேலண்டர்ல அந்த நாளுக்கெல்லாம் அவளையே ஒரு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்க, ஏன்னா "அப்பறம் பேசலாம்", "அடுத்த மாசம் போலாம்" இதெல்லாம் ஆறு வயசுக்கு கணக்கே கிடையாது, ஒட்டுன ஸ்டிக்கர எண்ணுனா புரியும். தூங்கப்போற நேரத்துல வேணாம், பேசி முடிச்சு அழுதாலும் தேறி வர நேரம் இருக்கணும், முடிச்ச கையோட மாடிக்கு போய் துணி எடுக்குறது, கடைக்கு நடக்குறதுன்னு ஒரு வேலைய தினம் ஒரே மாதிரி வச்சுக்கோங்க. வீடியோ கால் நல்லது, ஆனா இந்த வயசு புள்ளைங்க "என்ன சாப்ட்ட, நல்லா படிக்கிறியா"க்கு ரெண்டு நிமிஷம் தாங்கும் அதுக்கு மேல ஓடிரும், உடனே பெரியவங்க "என்கிட்ட பேச மாட்டேங்குறா, அம்மா சொல்லிக்குடுத்துட்டா"ன்னு நினைப்பாங்க. அதனால சேந்து எதாவது பண்ணட்டும். அப்பத்தா அங்க முருங்கக்கீரை ஆயட்டும், போன சொம்புல சாத்தி வச்சுட்டு, இவ இங்க கலர் அடிக்கட்டும், நடுவுல ஒன்னு ரெண்டு வார்த்தை. தூங்கும்போது சொல்ற கதை ஒன்னு இருந்திருக்கும்ல, அத ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா சொல்லி பாதியில நிறுத்தி வச்சா அடுத்த வெள்ளிக்கெழமைக்கு புள்ள காத்திருக்கும். அவங்க பாடுற தாலாட்டு இருந்தா ரெக்கார்ட் பண்ணி அனுப்பச் சொல்லுங்க. இன்னொன்னு கேப்பேன், அவங்க கட்டுன பழைய நூல் சேலை ஒன்னு, துவைச்சு மெத்துன்னு ஆனது, கேட்டு வாங்கி அவ தலமாட்டுல வைங்க. பிரிஞ்சிருக்குற ஆளோட வாசம் இருக்குற துணி ராத்திரியில புள்ளைங்கள எப்படி அமத்தும்னு நான் எத்தனையோ வீட்ல பாத்துட்டேன்.

முதல் ரெண்டு மூணு தடவ பேசுனதும் முன்ன விட அதிகமாவே அழுவா, ரெண்டு மாசத்து அழுகை சேந்து இருக்கு. அத பாத்து பயந்து திரும்ப நிறுத்திராதீங்க.

நேர்ல பாக்குறது போன் ஒரு மாசம் ஒழுங்கா போனதுக்கு அப்பறம் வச்சுக்கலாம். திருப்பி அனுப்பாம வச்சுக்கிட்டா என்ன பண்றதுன்னு உங்களுக்கு பயம் இருக்கும், நியாயமான பயம்தான், அதனால முதல்ல தேனிக்கு அனுப்ப வேணாம், நடுவுல திண்டுக்கல்ல யாராவது சொந்தக்காரங்க வீடு, இல்ல கோயில் பார்க்னு ஒரு பொது இடம், ரெண்டு மணி நேரம், உங்க பக்கம் ஒரு ஆள் கூட இருக்கணும். கிளம்பும்போது அடுத்து எப்பன்னு ரெண்டு பேர் முன்னாடியும் பாப்பாகிட்ட சொல்லிட்டு கிளம்புங்க.

கேஸ் விஷயம். நான் வக்கீல் இல்ல, ஆனா ஃபேமிலி கோர்ட் கவுன்சிலிங்ல வர குடும்பங்களோட வேலை பாத்திருக்கேன், அத வச்சு சொல்றேன், உங்க வக்கீல்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. 1890ம் வருஷத்து கார்டியன் சட்டமா இருந்தாலும் சரி, 1956ல வந்த, மைனர் புள்ளைங்களுக்கு யார் பொறுப்புன்னு சொல்ற இந்து மைனாரிட்டி அண்ட் கார்டியன்ஷிப் சட்டமா இருந்தாலும் சரி, கடைசியில கோர்ட் பாக்குறது புள்ளையோட நலன் எதுலங்குறதத்தான். அஞ்சு வயசு வரைக்கும் சாதாரணமா அம்மாகிட்டன்னு சட்டத்துலயே இருக்கு, உங்க பொண்ணு அத தாண்டிட்டா, ஆனா தாண்டுனதும் தானா கை மாறிரும்னு அர்த்தம் இல்ல. அப்பத்தாகூட பேச விடுறதும் கஸ்டடிய குடுக்குறதும் ஒன்னு இல்ல. நான் பாத்த வரைக்கும் மத்த பக்கத்து உறவ வெட்டாம வச்சிருக்குற அம்மாவ ஜட்ஜுங்க நல்ல விதமாத்தான் எடுத்துக்குறாங்க. தாத்தா பாட்டிக்கு பேரப்புள்ளைய பாக்குற உரிமைன்னு நம்ம சட்டத்துல தனியா எழுதி வைக்கல, 2015ல சட்ட ஆணையம் தன்னோட 257வது ரிப்போர்ட்ல தாத்தா பாட்டிகூட இருக்குற நேரத்தையும் சேத்து யோசிக்கணும்னு பரிந்துரை பண்ணிருக்கு. உச்ச நீதிமன்றமும் 2020ல ஒரு தீர்ப்புல நேர்ல வர முடியாத அப்பா அம்மா வீடியோ கால்ல புள்ளைகூட பேசுறத பத்தி ரொம்ப தெளிவா சொல்லிருக்கு. உங்களுக்கு இதுல ஒரு வசதி இருக்கு, ரெண்டு பேரும் சம்மதிச்சு போடுற பெட்டிஷன், இன்னும் நாலு மாசம் கையில இருக்கு. பாப்பா உங்ககிட்ட இருப்பா, அப்பா எப்ப பாப்பார், அப்பத்தாகூட எந்த நாள் பேசுவா, பொங்கல் லீவு மே மாச லீவுல எத்தனை நாள், யார் கூட்டிட்டு போய் யார் கொண்டாந்து விடணும்னு எல்லாத்தையும் அந்த ஒப்பந்தத்துலயே எழுதிருங்க. எழுத்துல இருந்தா உங்க பயமும் குறையும், அவங்க பயமும் குறையும். புள்ள வளர வளர மாத்திக்க கோர்ட்ல கேக்கவும் வழி இருக்கு.

ஒன்ன மட்டும் தனியா சொல்லணும். அந்த வீட்ல யாராவது பாப்பாவ அடிச்சிருந்தாலோ, தப்பா நடந்திருந்தாலோ, குடிச்சுட்டு வண்டியில ஏத்திட்டு போற பழக்கம் இருந்தாலோ நான் மேல சொன்ன எதுவும் பொருந்தாது, அப்ப பாதுகாப்புதான் முதல்ல, 1098ங்குற குழந்தைங்க உதவி நம்பருக்கு கூப்பிடலாம். உங்க லெட்டர்ல அப்படி எதுவும் இல்ல, அதனாலதான் இவ்ளோ தைரியமா சொல்றேன்.

ஒன்னுக்கு போறதுக்கு முதல்ல குழந்தைங்க டாக்டர்கிட்ட காட்டி ஒரு யூரின் டெஸ்ட் பண்ணிருங்க, வருஷக்கணக்கா நிறுத்துன புள்ளைக்கு திரும்ப வந்தா இன்ஃபெக்‌ஷனும் இருக்கலாம், சுகரும் இருக்கலாம், எல்லாத்தையும் மனசு மேலயே போட்டுறக்கூடாது. டெஸ்ட் நார்மல்னா திட்டாதீங்க, ஆளுங்க முன்னாடி சொல்லிக்காட்டாதீங்க, பாய்க்கு அடியில ஒரு ரப்பர் ஷீட், காலையில பேசாம துணிய மாத்தி விடுங்க. கிளாஸ் டீச்சர்கிட்டயும் வீட்டு நிலைமைய ரெண்டு வரி சொல்லி வைங்க. சாப்பாடு ரொம்ப குறைஞ்சு எடை இறங்குனாலோ, ஸ்கூலுக்கே போக மாட்டேன்னு வாரக்கணக்கா அடம்புடிச்சாலோ பக்கத்துல குழந்தைங்க மனநல ஆலோசகர் யாரையாவது நேர்ல பாருங்க. உங்களுக்கே ராத்திரி தாங்க முடியலன்னா 14416ங்குற டெலி மானஸ் நம்பர், அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர் இருக்கு, 24 மணி நேரமும் ஃப்ரீ, தமிழ்லயே பேசலாம். எட்டு மாசமா நீங்க யார்கிட்ட அழுதீங்கன்னு லெட்டர்ல ஒரு வரி கூட இல்லம்மா.

உங்க அம்மாகிட்ட கொஞ்சம் பக்குவமா பேசணும். "மறந்துரும்"னு அவங்க சொல்றதுக்குள்ள, பொண்ண அழ வச்ச குடும்பத்துமேல இருக்குற கோவமும் இருக்கு, நானும்தானே பாட்டி என்கிட்ட ஒட்ட மாட்டேங்குறாளேங்குற ஏக்கமும் இருக்கு. "நீ அப்பத்தாவா ஆக வேணாம்மா, நீ அம்மாச்சியாவே இரு"ன்னு சொல்லுங்க. தலை பின்னுறது தூங்க வைக்கிறதுல போட்டி போடாம, அங்க இல்லாத எதையாவது இவங்க ஆரம்பிக்கட்டும், சாயங்காலம் காவேரிக்கரைக்கு கூட்டிட்டு போறதோ, மாடியில ரெண்டு பூச்செடி வச்சு தண்ணி ஊத்துறதோ. முக்கியமா அப்பத்தா பேர பாப்பா எடுத்தா மூஞ்சிய தூக்காம "அப்படியா, அப்பத்தா அப்படியா பண்ணிக்குடுப்பாங்க"ன்னு ஒரு வார்த்தை கேட்டா போதும், அன்னைக்கே புள்ள கொஞ்சம் கிட்ட வரும்.

வெள்ளிக்கெழம வரதுக்குள்ள திரும்ப ரிமோட்ட காதுல வச்சான்னா டிவி போடணும்னு கையில இருந்து வாங்கிறாதீங்க. அவ பேசி முடிக்கட்டும். முடிச்சதும் "அப்பத்தா என்ன சொன்னாங்க"ன்னு கேளுங்க.